உங்க வீட்டு மொய் நோட்டை எடைக்குப் போட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பரோட இணைப்புல வீட்டை சுத்தமா வச்சிக்கிறது எப்படின்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு. ஆனா அதுல ஒரு வரி, அஞ்சு வருஷமா கை படாத பழைய நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கணக்குப் பேப்பர் எது இருந்தாலும் யோசிக்காம எடைக்குப் போட்டுடுங்கன்னு இருந்துச்சு, அதை படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல, எழுதணும் எழுதணும்னு மூணு நாளா நினைச்சு இன்னைக்குத்தான் உக்காந்தேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் புதுக்கோட்டை மாவட்டம், போஸ்ட் ஆபீஸ்ல 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. ரிட்டயர் ஆன கொஞ்ச நாள்ல எங்க அண்ணன் ஊர்ல பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சு கட்ட ஆரம்பிச்சார். பரண்ல கிடந்ததை எல்லாம் இறக்கி வாசல்ல குமிச்சு, பழைய பேப்பர் கடைக்காரர் தராசோட வந்து நிக்கிறார். நான் அன்னைக்கு சும்மா பாத்துட்டு வரலாம்னு போனவ. அந்தக் குமியல்ல நீளவாக்குல மடிச்சு நூல் போட்டு தைச்ச ஏழு நோட்டு, ஓரத்துல மஞ்சள் தடவுன கறை, திறந்தா முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அதுக்கு கீழ லாபம்னு ஒரு வார்த்தை. எங்க வீட்டு மொய் நோட்டு. அண்ணன் சொன்னார், "வாங்குன பழைய மொய்யெல்லாம் அப்பா காலத்துலயே திருப்பிச் செஞ்சாச்சுமா, கணக்கு முடிஞ்சு போச்சு, இதை வச்சு என்ன பண்ணப் போற". அவர் சொன்னது கணக்குல சரிதான். எனக்கு என்னமோ மனசு வரல, ஏழையும் ஒரு கட்டப்பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

வேற மாவட்டத்துக்காரங்களுக்காக சொல்றேன், எங்க பக்கம் மொய்ங்கிறது பெரிய விஷயம். ஆடி ஆவணி வந்தா கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் மொய் விருந்து நடக்கும், கறி சோறு போட்டு வரிசையா உக்காந்து மொய் எழுதுவாங்க, இப்ப அதுவும் லேப்டாப்ல ஏத்தி சீட்டு அடிச்சு குடுக்குற அளவுக்கு வந்தாச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு அப்புறம் பழைய நோட்டு யாருக்கும் வேண்டாம்னு ஆயிருச்சு. ஆனா அந்தக் காலத்து நோட்டை பொறுமையா உக்காந்து படிச்சு பாருங்க. ஊர் வாரியா எழுதியிருப்பாங்க, ஒவ்வொரு பேருக்கும் முன்னாடி ஊர், அப்பா பேரு, சில இடத்துல வீட்டு அடையாளம், மேலவீடு, கிணத்தடி, பெரியவீடுன்னு. முதல்ல தாய்மாமன் சீர் எழுதியிருக்கும், அப்ப பொண்ணோட அம்மா எந்த ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தாங்கன்னு அந்த ஒத்த வரியிலயே தெரிஞ்சு போகும். ஒரு வீட்டுக்கு யார் யார் கொண்டான் குடுத்தான், யார் மாமன் மச்சான், யார் பக்கத்து ஊர் சிநேகிதம், இவ்வளவும் நாலு பைசா நோட்டுல இருக்கு. எந்த சர்க்கார் ஆபீஸ்லயும் இந்த விவரம் கிடையாது.

எனக்கு எல்லா விதமான கையெழுத்தும் படிச்சு பழக்கம், அதனால ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு தினம் பத்து பக்கம்னு படிச்சேன். மூணாவது நோட்டு, ஜய வருஷம் வைகாசி மாசம், எங்க பெரிய அத்தை கல்யாணம். ஜய வருஷம்னா 1954, ஆனா அறுவது வருஷத்துக்கு ஒருதரம் அதே பேரு திரும்பி வரும், 1894லயும் ஜயதான், 2014லயும் ஜயதான், அதனால வருஷத்துப் பேரை மட்டும் நம்பக்கூடாது. அத்தையோட வயசு தெரியும், தொகை எல்லாம் ரூபாய் அணா பைசான்னு கோடு போட்டு எழுதியிருக்கு, புதுப் பைசா வந்தது 1957 ஏப்ரல்ல, அதனால 1954னு உறுதியாச்சு. எல்லாரும் ஒரு ரூபா, ஒண்ணே கால் ரூபா, மிஞ்சிப்போனா ரெண்டு ரூபா எழுதியிருக்காங்க. நோட்டு கடைசிக்கு முந்தின பக்கத்துல மட்டும் தனியா "கண்டி"ன்னு ஒரு தலைப்பு, அதுக்கு கீழ ஒரே ஒரு பேரு, தொகை 11 ரூபா. காப்பி பென்சில்ல எழுதுனது, எப்பவோ தண்ணி பட்டு ஊதாவா பரவி இருக்கு, ஆனா பேரு தெளிவா தெரியுது.

அந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அது எங்க பூட்டனோட அண்ணன் பேரு. தாது வருஷப் பஞ்சத்துல, அதாவது 1876, 77ல, ஊர்ல குடிக்க கூழு இல்லாம பதினெட்டு வயசுல தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி கூட கண்டிச்சீமைக்கு, அதான் சிலோன் மலைநாட்டுக்கு, காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவர், போனவர் போனதுதான்னு எங்க அப்பத்தா சொல்லி கேட்டிருக்கேன். அப்பத்தா சொன்னது எல்லாம் இவ்வளவுதான், ரெண்டு வரி. 1876ல பதினெட்டு வயசுன்னா 1954ல அவருக்கு 96 வயசு. அவரா கடல் தாண்டி வந்து மொய் எழுதியிருப்பார்? ரெண்டு நாள் எனக்கு இதே யோசனை. அப்புறம்தான் உறைச்சுது, வந்தவர் அவரோட பேரன். பேரன்ங்கிற சொல்லே பெயரன்தான, தாத்தா பேரைத்தான பேரனுக்கு வைப்போம்.

இந்த முன்னோரைத் தேடுற வேலையில இறங்குறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். வெள்ளைக்காரங்களுக்கு குடும்பப் பேரு ஒண்ணு இருக்கு, அதை புடிச்சுகிட்டே முன்னூறு வருஷம் பின்னாடி போயிடுறாங்க. நமக்கு இனிஷியல்தான், தலைமுறைக்கு தலைமுறை அது மாறிடும். எங்க அப்பாவுக்கு ஒரு இனிஷியல், எனக்கு ஒண்ணு, என் மகனுக்கு வேற ஒண்ணு. இதை வச்சு கம்ப்யூட்டர்ல தேடுனா ஒண்ணும் கிடைக்காது. ஆனா பேரன் பேரு இருக்கு பாருங்க, அது ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேரா வந்துகிட்டே இருக்கும். குழப்பமும் அதாலதான் வருது, வழி காட்டுறதும் அதுதான். இப்ப புள்ளைங்களுக்கு நியூமராலஜி பாத்து ஷ், ஹ்ரி னு பேரு வைக்கிறோம், அந்த வழியையும் நாமளே அடைக்கிறோம், எனக்கு அதுல வருத்தம் உண்டு.

சர்க்கார் ரெக்கார்டு பாக்கலாமேன்னு கேப்பீங்க. பாத்தேன். பிறப்பு இறப்பு பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்னு வந்தது 1969ல, அமலுக்கு வந்தது 1970 ஏப்ரல் 1. அதுக்கு முன்னாடியும் பதிவு உண்டு, ஆனா கிராமத்துல மணியகாரர் கணக்குப்புள்ளை எழுதுனாதான் எழுதுனது, பாதி வீட்ல சொல்லவே மாட்டாங்க. அந்த கணக்குப்புள்ளை மணியகாரர் வேலையை எல்லாம் 1980 நவம்பர்ல எம்ஜிஆர் கவர்மெண்ட் ஒரே ராத்திரியில ஒழிச்சுது, அப்புறம்தான் விஏஓ வந்தாங்க. அந்த மாறுதல்ல எத்தனை வீட்டுத் திண்ணையில எத்தனை பழைய கணக்கு கரையான் தின்னுச்சோ. எங்க ஊருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, 1948 மார்ச் வரைக்கும் எங்க ஊர் புதுக்கோட்டை சமஸ்தானம், ராஜா ஆட்சி, அப்புறம் திருச்சி ஜில்லா, 1974 ஜனவரியிலதான் புதுக்கோட்டை மாவட்டம். ஒரே ஊரு, இடம் மாறல, ஆனா பழைய காகிதம் தேடுறவ மூணு தலைப்புல தேடணும். இது தெரியாம நான் ஆறு மாசம் திருச்சிக்கு அலைஞ்சேன். வில்லங்கம் போட்டு பாத்தா ஆன்லைன்ல 1975க்கு அப்புறம் சுலபமா கிடைக்குது, அதுக்கு முன்னாடி வேணும்னா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். பழைய கிரயப் பத்திரம் கிடைச்சா அது தங்கம், இன்னார் குமாரர் இன்னார்னு ரெண்டு தலைமுறை ஒரே வரியில வந்துடும். பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்லயும் பூட்டன் காலத்து பேரு கிடைக்கும், நிலம் இருந்தாதான். நிலமே இல்லாதவங்க, குத்தகைக்கு உழுதவங்க, பண்ணையில கிடந்தவங்க, அவங்க பேரு எந்த ரிஜிஸ்டர்ல இருக்கும் சொல்லுங்க? எங்க பூட்டனுக்கும் நிலம் கிடையாது, எங்க தாத்தா காலத்துலதான் ரெண்டு மா வாங்குனாங்க.

இன்னொன்னும் சொல்லணும். கடல் தாண்டிப் போனவங்கள்லயே ஒப்பந்தக் கூலியா போனவங்களுக்கு காகிதம் இருக்கு. 1860 நவம்பர் 16ம் தேதி ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவுல உள்ள டர்பன்ல போய் இறங்குச்சு, அதுல இருந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்குற அந்த நேட்டால் பகுதிக்கு மட்டும் 1,52,000 பேருக்கு மேல போனாங்க, அதுல பெரும்பகுதி நம்ம மெட்ராஸ் மாகாணத்து ஜனங்க. அந்தக் கப்பல் பட்டியல்ல பேரு, அப்பா பேரு, வயசு, ஜில்லா, கிராமம், உடம்புல எங்க தழும்பு இருக்குங்கிறது வரைக்கும் வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். மொரீஷியஸ்ல மோக்காங்கிற ஊர்ல இருக்குற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல அந்த நாட்டுக்கு வந்த கூலிகளோட ரிஜிஸ்டர் இருக்கு, சிலருக்கு போட்டோவே இருக்கு. அதனாலதான் அந்த நாட்டுல இருந்து நாலாவது அஞ்சாவது தலைமுறை ஆளுங்க கையில ஒரு தாளை வச்சுகிட்டு நம்ம ஊர் பக்கம் வந்து இறங்குறாங்க. ஆனா கண்டிக்குப் போனவங்க கதை வேற, அவங்க கங்காணி புடிச்சு கூட்டிட்டுப் போன ஜனங்க, கும்பலா நடந்து போய் தோணி ஏறி அங்குட்டு இறங்கி காடு வழியா மறுபடி நடந்து மலையேறுனவங்க. வழியில செத்தவங்களுக்கு கணக்கே கிடையாது. போய் சேந்தவங்க பேரும் கங்காணி கடன் கணக்குலயும் தோட்டத்து செக்ரோல்ங்கிற ஆள் வருகைப் பதிவுலயும்தான். எங்க பூட்டனோட அண்ணனை எந்த கப்பல் பட்டியல்ல நான் தேடுறது? எனக்கு இருந்தது அந்த காப்பி பென்சில் வரி ஒண்ணுதான்.

அடுத்து எங்க குலதெய்வம் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. மாசி சிவராத்திரிக்கு பங்காளி எல்லாரும் கூடுவோம், கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு, அதுக்கு இவ்வளவுன்னு வரி எழுதுவாங்க. கோயில் கணக்கு பாக்குற பெரியவர்கிட்ட பழைய நோட்டை காட்டுங்க சித்தப்பான்னு கேட்டதுக்கு, முதல் தடவை தரல, ரெண்டாவது தடவையும் தரல. அவர் மேல தப்பு இல்ல. நம்ம ஊர்ல பழைய பேரை ஒருத்தி வந்து கேட்டா சொத்துல பங்கு கேக்க வந்திருக்கான்னுதான் முதல்ல நினைப்பு வரும், முன்னோர் பேரு தேடுறது ஒரு பொழுதுபோக்குன்னா யாருக்கும் விளங்காது. மூணாவது தடவை நான் நோட்டு கேக்கல, என் மொய் நோட்டை கொண்டுபோய் அவர்கிட்ட காட்டி, இந்தா பாருங்க உங்க அப்பா 1954ல எங்க அத்தைக்கு ஒண்ணே கால் ரூபா எழுதியிருக்காருன்னு சொன்னேன். அவர் அந்தப் பேரை விரலால தடவி தடவிப் பாத்தார். உள்ள போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார்.

கஜா புயல் எங்க பக்கம் எப்படி அடிச்சுதுன்னு உங்களுக்கே தெரியும், 2018 நவம்பர் 16 விடியக்காலம், தென்னை எல்லாம் போச்சு, கோயில் மடப்பள்ளி ஓடும் பறந்துருச்சு. பெட்டிக்குள்ள தண்ணி இறங்கி மேல இருந்த நோட்டு எல்லாம் கூழா ஒட்டிக் கிடந்துச்சு. அடியில ஒண்ணு மட்டும் யாரோ புண்ணியவான் யூரியா சாக்குல சுத்தி வச்சதால தப்பிச்சிருக்கு, அதுவும் ஓரமெல்லாம் கரைஞ்சு போய்தான். ஆனந்த வருஷம் மாசி, அதாவது 1975 பிப்ரவரி மார்ச். கடைசியில ஒரு வரி, "கண்டி வகையறா, தலைக்கட்டு 1, வரவு ரூ 5", அதுக்கு கீழ விலாசம்னு எழுதி அந்த இடம் பூரா மை கரைஞ்சு போச்சு. வெளிச்சத்துல புடிச்சு சாய்ச்சு சாய்ச்சு பாத்தா கடைசி வரியில "கிரி"ன்னு ஒரு முடிவும், பக்கத்துல 643னு மூணு நம்பரும் மட்டும் தெரியுது, மிச்சம் இல்ல.

வேற யாரா இருந்தாலும் விட்டுருப்பாங்க. எனக்கு அந்த மூணு நம்பரைப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. 643ல ஆரம்பிச்சா அது நீலகிரி. அப்ப "கிரி"ன்னு முடியுறது கோத்தகிரி. 34 வருஷம் தபால் பிரிச்ச கைக்கு இதைவிட என்ன வேணும்.

கோத்தகிரின்னதும் விஷயம் விளங்கிருச்சு. சிலோன் சுதந்திரம் வாங்குன கையோட 1948ல ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டாங்க, அப்பா அங்க பிறந்தார்னு, இல்லாட்டி தாத்தாவும் பூட்டனும் அங்க பிறந்தாங்கன்னு காகிதத்துல நிரூபிச்சாதான் குடிமகன். லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்ல பிறந்த புள்ளைக்கு யார் பர்த் சர்டிபிகேட் வாங்கி வச்சா? மூணு தலைமுறையா அந்த மலையில உழைச்ச லட்சக்கணக்கான ஜனம் ஒரே நாள்ல நாடு இல்லாதவங்களா ஆனாங்க. முன்னோர் பேரு தெரிஞ்சுக்கிறது நமக்கு பொழுதுபோக்கு, அவங்களுக்கு அது சோத்துக்கும் இருப்புக்குமான விஷயமா இருந்துச்சு. அப்புறம் 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை சிலோன் வச்சுக்கணும்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி பின்னாடி பேசிக்கலாம்னு விட்டாங்க, ஜனங்களை இப்படி மூட்டை எண்ணுற மாதிரி எண்ணுனதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. அப்படி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் கேம்ப்ல தங்கி அப்புறம் பிரிச்சு அனுப்பப்பட்டவங்கள்ல ஒரு பகுதி நீலகிரிக்குப் போனாங்க, அவங்களுக்காகவே 1968ல ஆரம்பிச்சதுதான் டேன்டீங்கிற தமிழ்நாடு சர்க்கார் தேயிலைத் தோட்டம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்னு அவங்க குடியிருப்பு இன்னைக்கும் இருக்கு.

மகனைக் கூட்டிகிட்டு போனேன். திருச்சி, மேட்டுப்பாளையம், அப்புறம் மலை. கோத்தகிரியில தபால்காரத் தம்பிங்ககிட்ட விசாரிச்சு, மூணு குடியிருப்பு ஏறி இறங்கி, நாலாவதுல ஒரு லைன் வீட்டு வாசல்ல ஒரு ஆத்தா ஸ்வெட்டர் போட்டுகிட்டு வெயில்ல உக்காந்திருக்காங்க, 83 வயசு. பேரைச் சொல்லி விசாரிச்சா, "அது எங்க அய்யா பேருல்ல, நீ யாரு ஆயி"ன்னு கேட்டாங்க. நான் மொய் நோட்டைத் திறந்து மடியில வச்சேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படிச்சு காட்டுச்சு. கேட்டுட்டு ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்தாங்க, பழைய பாஸ்போர்ட்டு, இந்தியன் ஹைகமிஷன் குடுத்த பேமிலி கார்டு, அதுக்கு நடுவுல பாலிதீன் கவர்ல ஒரு மஞ்சள் கல்யாணப் பத்திரிகை. எங்க பெரிய அத்தை கல்யாணப் பத்திரிகை, 1954. எங்க வீட்ல ஒரு காப்பி கூட இல்லாதது, சிலோன் போய் அங்க இருந்து திரும்பவும் கப்பல் ஏறி மண்டபம் வந்து மலையேறி, எழுவது வருஷம் கழிச்சு என் கையில. எங்க தாத்தா பேரும் அவர் இனிஷியலும் அதுல அச்சுல இருக்கு. அத்தை கல்யாணத்துக்கு போட் மெயில்ங்கிற கப்பலும் ரயிலும் சேந்த சர்வீஸைப் புடிச்சு வந்துட்டுப் போன அவங்க அய்யா, ஒருவேளை என்னைக்காவது ஊருக்குத் திரும்பினா காட்ட ஒரு அத்தாட்சி வேணும்னு வச்சிருந்தாராம்.

ஆசிரியர் ஐயா, பழைய கல்யாணப் பத்திரிகையை எடைக்குப் போடுங்கன்னு நீங்க போட்ட வரி எனக்கு ஏன் வலிச்சுதுன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பேசிகிட்டிருந்தோம். அங்க இருந்தப்ப இந்தியாக்காரன், கள்ளத்தோணின்னு சொன்னாங்க, இங்க வந்தா சிலோன்காரங்கன்னு சொல்றாங்க, உங்க ஊர் நோட்டுல கண்டின்னு எழுதியிருக்கு, எங்களுக்குன்னு ஒரு ஊர் பேரு எப்பதாம்மா எழுதுவாங்கன்னு அந்த ஆத்தாவோட மகன் கேட்டார். எனக்கு பதில் சொல்லத் தெரியல.

இதுல எனக்குப் பெரிசா கிடைச்சது வேற ஒண்ணு. எங்க பூட்டனோட அம்மா பேரு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பா பேரு தெரியும், தாத்தா, பூட்டன், ஓட்டன் வரைக்கும் கோயில்ல ஒப்பிப்பாங்க, எல்லாம் ஆம்பளை பேரு. பட்டாவுல பொம்பளை இல்ல, தலைக்கட்டு நோட்டுல பொம்பளை இல்ல, மொய் நோட்டுல கூட அவ அண்ணன் தம்பி பேருதான் இருக்கும், அவ பேரு இருக்காது. அந்த ஆத்தாகிட்ட கேட்டேன். "என் பேருதான்"னாங்க. பஞ்சத்துல ஊரை விட்டுக் கிளம்புன அந்தப் பதினெட்டு வயசுப் பையன், விட்டுட்டு வந்த தன் ஆத்தா பேரை வம்சத்துல மூத்த பொம்பளைப் புள்ளைக்கு வச்சுகிட்டே வரணும்னு சொல்லிட்டு செத்தாராம், அவங்களும் விடாம வச்சிருக்காங்க, இப்ப நாலாங்கிளாஸ் படிக்கிற ஒரு கொள்ளுப்பேத்திக்கும் அதே பேரு. சொந்த மண்ணுல இருந்த நாங்க தொலைச்ச பேரை அந்த லயத்துல நூத்தம்பது வருஷம் காப்பாத்தி வச்சிருக்காங்க.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சுடுமேன்னு என் மருமக கேட்டா. எச்சில் துப்பி அனுப்புனா இத்தனை பர்சன்ட் தென்னிந்தியான்னு வரும், அது நமக்கே தெரியும். நம்ம சொந்தக்காரங்க ரொம்பப் பேரு டெஸ்ட் எடுத்திருந்தாதான் ஆள் பொருந்தும். ஹரித்துவார்ல பண்டாங்கிற புரோகிதர்கள் கிட்ட வடநாட்டுக் குடும்பங்களோட வம்சாவளி தலைமுறை தலைமுறையா இருக்கு, அதை போட்டோ எடுத்து நெட்லயும் ஏத்தியிருக்காங்க. நகரத்தார்ல கல்யாணம் ஆன ஜோடியை ஒரு புள்ளின்னு கோயில்ல சேத்து கணக்கு வைக்கிற வழக்கம் இருக்கு. கிறிஸ்தவங்களுக்கு ஞானஸ்நானப் பதிவு இருக்கு, தரங்கம்பாடியில எல்லாம் முன்னூறு வருஷ மிஷன் அது. நம்மள மாதிரி சாதாரண சம்சாரி வீட்டுக்கு மொய் நோட்டும், தலைக்கட்டு நோட்டும், கல்யாணப் பத்திரிகையும், கிழவி வாயும்தான். இதுல கிழவி வாய் எப்ப வேணா மூடிடும். நான் எங்க அப்பத்தாகிட்ட ரெண்டு வரிக்கு மேல கேக்கல, அவங்க இருந்தப்ப எனக்கு ஆபீஸு, புள்ளைங்க பரீட்சைன்னு நேரமே இல்ல, அந்தக் குறை எனக்கு சாகுற வரைக்கும் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடுறேன், முன்னோரைத் தேடுறேன்னு கிளம்புற சில பேரு ராஜா பரம்பரையான்னு பாக்கத்தான் கிளம்புறாங்க, சாதிப் பெருமை பேச ஒரு ஆதாரம் கிடைச்சா சரின்னு நிக்கிறாங்க. எனக்கு அது புடிக்கல. எங்க பூட்டன் பஞ்சத்துல கேப்பைக் கூழுக்கு அலைஞ்சவர், அவர் அண்ணன் கூலிக்குப் போனவர், அதை எழுதி வைக்கிறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. வாராவாரம் இணைப்புல ஒரு ஓரமா அரைப் பக்கம் குடுங்க, வாசகர்கள் அவங்க வீட்டுப் பழைய மொய் நோட்டு, பத்திரிகை, தலைக்கட்டு நோட்டு ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும், ஊரும் வருஷமும் போட்டு வெளியிடுங்க. உங்க வீட்டு நோட்டுல இருக்குறது முக்காவாசி அடுத்த வீட்டு கதைதான், அதை அடுத்த வீட்டுக்காரன் பாத்தாதான் அவனுக்கு விளங்கும். அதே மாதிரி தாலுகா ஆபீஸ்கள்ல கிடக்குற பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரையும் 1970க்கு முந்தின பிறப்பு இறப்புப் பதிவையும் தொட்டாலே பொடியா உதிர்றதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து ஜனங்க பாக்குற மாதிரி வைக்கணும்னு நீங்க ஒரு தலையங்கம் எழுதணும். நாங்க நூறு பேரு மனு போட்டாலும் நீங்க எழுதுற மாதிரி வராது.

கடைசியா எனக்கே ஒரு உதவி. கோத்தகிரி ஆத்தா கிளம்புறப்ப சொன்னாங்க, எங்க பூட்டன், அவர் அண்ணன் ரெண்டு பேருக்கும் மூத்தது ஒரு பொம்பளைப் புள்ளை இருந்துச்சாம், பஞ்சத்துக்கு முன்னாடியே கிழக்க எங்கேயோ கட்டிக் குடுத்தாங்களாம், ஊர் பேரு அவங்களுக்கும் தெரியல. கிழக்கன்னா கறம்பக்குடியா இருக்கலாம், பேராவூரணியா இருக்கலாம், பட்டுக்கோட்டை வரைக்கும் கூட போயிருக்கலாம். அவங்க பேரு எங்க நோட்டு எதுலயும் இருக்காது, இருக்க வேண்டிய இடம் அவங்க வாக்கப்பட்ட வீட்டு நோட்டு. அந்தப் பக்கத்து வாசகர்கள் யார் வீட்லயாவது பழைய நோட்டோ ஓலையோ இருந்தா, முதல் பக்கத்தை மட்டும் ஒருதரம் பாருங்க, திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவுல உள்ள ஒரு ஊர்ல இருந்து தாய்மாமன் சீர் வந்ததா ஒரு வரி இருக்கான்னு. ஊர் பேரும் எங்க ஆளுங்க பேரும் தனித்தாள்ல எழுதி இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன், கேக்குறவங்களுக்கு ஆபீஸ்ல இருந்து குடுங்க. காதுகுத்து நோட்டா இருந்தாலும் சரி, ஒத்த வரியா இருந்தாலும் சரி, பஸ் புடிச்சு நானே வந்து பாத்துக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்